பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு இங்கிலீஷ்ல எந்த வார்த்தை போடறது?

போன ஆவணியில எங்க பங்காளிக எல்லாருக்கும் வீட்டப் பத்தி ஒரு மெசேஜ் போட வேண்டியதாப் போச்சு. வீடு பள்ளத்தூர் பக்கம், ஐயாவோட (தாத்தாவோட) அப்பச்சி, அதாவது அப்பா, கட்டுனது, இன்னைக்கு 11 புள்ளிக்கு, அதாவது 11 குடும்பத்துக்குப் பாத்தியம், அதுல 4 புள்ளிதான் இங்க, மத்தவுக பினாங்கு, சிங்கப்பூர், சென்னைன்னு ஆளுக்கொரு பக்கம். சாவி என்கிட்ட. காரைக்குடியிலேர்ந்து பைக்க எடுத்தா அரைமணி நேரத்துல போயிடலாங்கிறதால போயிப் பாத்து எழுதுறது என் பொறுப்பு. அதையும் இங்கிலீஷ்லதான் எழுதணும், ஏன்னா பினாங்குலயே பொறந்து வளந்த பெரியப்பச்சி மகன் அண்ணனுக்கு தமிழ் நல்லாப் பேச வரும், படிக்க வராது.

அன்னைக்கு ராத்திரி பேஞ்ச மழையில இரண்டாங்கட்டுல, அதாவது உள்ள ரெண்டாவது முற்றப் பகுதியில, ஒரு மூலையில ஓடு சரிஞ்சு தண்ணி உள்ள வந்துருச்சு. பாத்த அதிர்ச்சியில நான் "ஹவுஸ் இஸ் ருயின்ட்"னு எழுதி அனுப்பிட்டேன். மனசுல இருந்தது "வீடு இப்புடி வீணாப் போகுதே"ங்கிற வருத்தம்தான். ஆனா அண்ணன் அந்த வார்த்தைய வார்த்தையாவே எடுத்துக்கிட்டாரு. வீடே போயிருச்சுன்னா வச்சுக்கிட்டு என்ன பண்றது, மரத்த வித்துட்டு எடத்தப் பிரிச்சுக்குவோம்னு பதில் வந்துச்சு, அதுக்கு இன்னும் ரெண்டு பேரு சரின்னு போட்டாக, மூணாம் நாளு ஒரு மர ஏவாரி வந்து முகப்புத் தூண ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு சுத்தளவு எடுத்துட்டுப் போறாரு. நூறு வருசத்துக்கு மேல நிக்கிற பர்மாத் தேக்குத் தூணு, ஒரு வெடிப்பு கெடையாது, நான் எழுதுன ஒத்த வார்த்தையால அத அளக்க ஆளு வந்துட்டாக. அன்னைக்கு உக்காந்து அகராதியப் பொரட்ட ஆரம்பிச்சவன்தான், நம்ம பக்கம் வீடு, சாமான், வயசானவுக ஒடம்புன்னு வெளிநாட்டு ஆளுகளுக்கு இங்கிலீஷ்ல எழுதுற எல்லாருக்கும் இது உதவும்னு நெனச்சு எழுதறேன்.

மொதல்ல "ஸ்டேட்" "கண்டிஷன்" ரெண்டையும் பாத்துருவோம், ஏன்னா நாம ரெண்டையும் ஒண்ணாவே பொழங்குறோம். "ஸ்டேட்"ங்கிறது லத்தீன்ல நிக்கிறதுங்கிற வினையிலேர்ந்து வந்தது. நம்ம "நிலை"யும் அப்புடியே "நில்"லுலேர்ந்து வந்ததுதான், நம்ம வீடுகள்ல வாசக்கால நிலைன்னுதான் சொல்றோம், வீடு எதுல நிக்குதோ அதுதான் நிலை. "கண்டிஷன்" வேற வழியா வந்தது, சேந்து பேசி ஒத்துக்கிட்டதுன்னு அதோட மூலம், அதனாலதான் அதுக்கு நிபந்தனைன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. அதனால எப்ப எதப் போடறது? தானா இருக்குற இருப்பச் சொல்லணும்னா "ஸ்டேட்" போதும். நல்லா இருக்கா, ஒழைக்குமா, வாங்கலாமா, இருக்கலாமான்னு எதிராளி முடிவெடுக்கப் போறாருன்னா "கண்டிஷன்". பங்காளிகளுக்கு எழுதும்போது நான் இப்ப "கண்டிஷன்"தான் போடுறேன், அந்த வார்த்தையப் படிச்ச ஒடனே அடுத்து வெவரம் வரும்னு எதிர்பாப்பாக.

இப்ப வீட்டுக்கு வருவோம். எட்டொம்பது வார்த்தை போட்டிக்கு நிக்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு முடிவுக்கு இழுத்துட்டுப் போகும்.

"வேகன்ட்" காலின்னு அர்த்தம், ஆனா இன்சூரன்ஸ்காரங்க கணக்குல ஆளும் இல்ல, சாமானும் இல்லைன்னாதான் அது "வேகன்ட்". ஆளு இல்ல, சாமான் செட்டு உள்ள இருக்கு, திரும்பி வருவாகன்னா அது "அன்ஆக்குபைட்". நம்ம பக்கத்து வீடுகள்ல முக்காவாசி ரெண்டாவது வகைதான், முன்னோருக்குச் செய்ற படைப்புக்கு வருவாக, கல்யாணத்துக்கு வருவாக, மூணாங்கட்டுல அண்டாவும் குத்துவெளக்கும் அடுக்கி இருக்கும். இதுக்குப் போயி "வேகன்ட்"னு போட்டா எடுத்துக்கலாம்னு ஒரு வாசம் அடிக்கும். நான் "அன்ஆக்குபைட்" பக்கம்.

"அபாண்டன்ட்"தான் என்னைய ரொம்ப யோசிக்க வச்ச வார்த்தை. கைவிட்டதுன்னு அர்த்தம், அதாவது சொந்தக்காரன் மனசாலயும் விட்டுட்டான். எங்க ஐயா பர்மாவுல கடையில இருந்தவுக, 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப மத்தவுகளோட கெளம்பி வந்தவுக. அதப் பத்திப் பேசும்போது ஒரு நாளும் கடைய விட்டுட்டு வந்தேன்னு சொன்னதில்ல, "பூட்டிட்டு வந்தேன்"னுதான் சொல்லுவாக, சாவிய அலமாரியில ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருந்தாக, சின்னப் புள்ளையில அத நான் எடுத்து வெளையாடப் போனா கையிலேர்ந்து வாங்கித் திரும்ப அங்கயே வைப்பாக. அந்தக் கடைக்கு "அபாண்டன்ட்"னு போட்டா ஐயாவப் பத்திப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். பூட்டிட்டு வந்ததுக்கு "லாக்ட் அப்", உயிருக்குப் பயந்து கெளம்புனதுக்கு "எவாக்குவேட்டட்", வேற வழியில்லாம எடம் பேந்ததுக்கு "டிஸ்ப்ளேஸ்ட்". கைவிடுறதுங்கிறது மனசு சம்மந்தப்பட்ட வார்த்தை, அடுத்தவுக மனசுல என்ன இருக்குன்னு தெரியாம எழுதக் கூடாது.

இதுக்கு ஒரு படி மேல "டெரலிக்ட்". இது கடல் சட்டத்துலயும் இருக்குற வார்த்தை, கப்பல்காரங்க திரும்பிப் போற நெனப்பும் இல்லாம மீட்கிற நம்பிக்கையும் இல்லாம நடுக்கடல்ல விட்டுட்டு வந்த கப்பலுக்குத்தான் "டெரலிக்ட்"னு பேரு. கப்பலேறிப் போயி சம்பாரிச்ச காசுல கட்டுன வீட்டுக்கு அந்தக் கப்பல் வார்த்தைய வைக்க எனக்கு மனசு வரல. கோர்ட்டுல, முனிசிபாலிட்டியில, ஆளே தேறாத கட்டடத்துக்கு சொல்லிக்கட்டும். வெளக்குமாறு எடுத்துட்டுப் போயி மாசம் ஒரு தடவ கூட்டுறதுக்கு ஒரு ஆளு இருந்தாக்கூட அது "டெரலிக்ட்" இல்ல.

"டிலாபிடேட்டட்" பாக்க நீளமா கனமா இருக்கும், ஆனா மேல சொன்ன ரெண்டையும் விட இது நியாயமான வார்த்தை. உள்ள "லாபிஸ்"னு லத்தீன்ல கல்லுக்கான சொல்லு ஒளிஞ்சிருக்கு, கல்லு கல்லா சிதறுனதுன்னு வச்சுக்கலாம். அந்தக் காலத்து லத்தீன்ல சொத்த அழிச்சு வீணாக்குறதுக்கும் இதே சொல்லுதான். இங்கிலாந்துல வாடகைக்கு இருந்தவுக காலி பண்ணும்போது ஒப்பந்தப்படி சரி பண்ணாம விட்ட சேதாரத்துக்கு இன்னைக்கும் "டிலாபிடேஷன்ஸ்"னு கணக்குப் போட்டுக் காசு கேக்குறாங்க, அதாவது சரி பண்ணியிருக்க முடியும், பண்ணல, இவ்வளவு ஆகும், அவ்வளவுதான். ஒரு கட்டடத்துக்கு அங்கங்க ஓடு போயி, காரை உதுந்து, சன்னக் கதவு தொங்கி, ஆனா எழும்பி நிக்குதுன்னா இதுதான் சரி. எங்க வீட்டுக்கு முழுசா இதப் போடலாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு விட்டேன், ஏன்னா முகப்பும் வளவும் (முற்றத்தச் சுத்துன நடு வீடு) நல்லாவே இருக்கு, ஒரு மூலைக்காக வீடு முழுக்க சொல்லக் கூடாது.

"ரன்டவுன்" பேச்சு வழக்கு, கொஞ்சம் எளக்காரம் தட்டும், எடத்த விட அந்தத் தெரு, அந்தக் குடும்பம் எல்லாத்தையும் சேத்து எறக்கிச் சொல்ற மாதிரி. பங்காளிகளுக்குள்ள வேண்டாம். "நெக்லெக்டட்" நேர்மையான வார்த்தை, கவனிக்காம விட்டோம்னு ஒத்துக்கிறது, அந்த நாங்கள்ல நானும் இருக்கேன்னு எழுதுற ஆளு காட்டிட்டாருன்னா யாருக்கும் கோவம் வராது. "கண்டெம்ன்ட்"ங்கிறத மட்டும் கோவத்துல கூட எழுதிறாதீக, அது அதிகாரி பாத்து இந்தக் கட்டடம் ஆகாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் வர்ற வார்த்தை.

நான் மொதல்ல போட்ட "ருயின்ட்" இருக்கே, அது விழுகிறதுங்கிற லத்தீன் வினையிலேர்ந்து வந்தது. விழுந்தது விழுந்ததுதான். ஹம்பியப் பாத்துட்டு "ருயின்ஸ்"னு சொல்லலாம். மேல கூரை இருக்கு, கீழ ஆத்தங்குடித் தரைக்கல்லு தொடைச்சா பளபளங்குது, சொவத்துல முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு கன்னத்த வச்சாக் குளுருது, அதப் போயி அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது.

இத்தனையையும் பாத்துட்டு எனக்கு ஒண்ணு வெளங்குச்சு, இதத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன். இங்கிலீஷ்காரன் நெலமைய ஒரு அடைமொழியில அடைக்கிறான். நாம அத கடைசியில வர்ற குட்டி வினையில வச்சிருக்கோம். "பூட்டியிருக்கு"ன்னா வெறும் தகவல். "பூட்டிக் கெடக்கு"ன்னா கேக்க ஆளில்ல. "பூட்டி வச்சிருக்கு"ன்னா ஒரு காரணத்தோட பாதுகாத்து வச்சிருக்காக. "இடிஞ்சு போச்சு"ன்னா இனிமே திரும்பாது. ஒரே வீடு, நாலு வால். அப்பத்தா சொல்லும்போது இந்த வால மாத்தியே முழுக் கதையும் சொல்லிருவாக, பக்கத்து வீட்டு ஆச்சி நம்ம வளவ "சும்மா கெடக்கு"ன்னு சொல்லிட்டா "கெடக்கலத்தா, வச்சிருக்கோம்"னு ஒடனே திருத்துவாக.

அதனால இங்கிலீஷ்ல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தமிழ்ல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, வால் என்ன வருதுன்னு கவனிங்க. இருக்குன்னு வந்தா "லாக்ட்", "க்ளோஸ்ட்", "அன்ஆக்குபைட்" மாதிரி சாதா வார்த்தை. கெடக்குன்னு வந்தா "நெக்லெக்டட்", "டிஸ்யூஸ்ட்". வச்சிருக்குன்னு வந்தா "கெப்ட்", "மெயின்டெய்ன்ட்", "ப்ரிசர்வ்ட்". போச்சுன்னு வந்தாதான் "ருயின்ட்", "ராட்டன்", "ப்ரோக்கன்". போச்சுன்னு சொல்ல வாய் வரலைன்னா அந்த வரிசையில இருக்குற எந்த வார்த்தையும் வேண்டாம். நான் இரண்டாங்கட்டுல நின்னுக்கிட்டு சொல்லிப் பாத்தேன், "ஓடு சரிஞ்சு கெடக்கு, ரீப்பரு உளுத்துப் போச்சு, உத்தரம் நல்லா இருக்கு." ரீப்பருன்னா ஓட்டுக்கு அடியில ஓடுற மெல்லிய மரச் சட்டம். மூணுக்கும் மூணு வார்த்தை வேணும், ஒத்த "ருயின்ட்" எப்புடிப் போதும்?

உளுத்துப் போச்சுங்கிறதுக்கு நேரா ஒரு இங்கிலீஷ் வார்த்தை தேடித் தேடிப் பாத்தேன். "ராட்டன்"னா ஈரத்துல அழுகுனது. செல்லரிச்சதுக்கு "டெர்மைட் ஈட்டன்". உளுத்தது வேற, வெளிய பாத்தா முழுசா இருக்கும், தட்டுனா மாவு கொட்டும், உள்ள வண்டு தொளைச்சிருக்கும். ஆசாரி ஒரு இரும்புக் கம்பிய எடுத்து மரத்துல குத்திக் காட்டுனாரு, ரீப்பருல கம்பி வெண்ணெயில எறங்குன மாதிரி எறங்குச்சு, பக்கத்துல உத்தரத்துல குத்துனா டங்குனு கம்பி திரும்புது. தேக்கு வைரத்துல பூச்சி அவ்வளவு சுலபமா ஏறாது, ரீப்பரு பின்னாடி யாரோ மாத்துன சாதா மரம். கடைசியில நான் "வொர்ம் ஈட்டன் (பூச்சி அரிச்சது), ஹாலோ இன்சைட்"னு ரெண்டு துண்டாவே எழுதுனேன். ஒரே வார்த்தையில சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சரியான ரெண்டு வார்த்தை தப்பான ஒத்த வார்த்தைய விட எவ்வளவோ மேல். இத்துப் போன கயிறு, நைஞ்சு போன கண்டாங்கி, நமத்துப் போன முறுக்கு, ஊசிப் போன சாம்பாருன்னு நமக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி வினை இருக்கு, இங்கிலீஷ்ல சேலைக்கு "ஃப்ரேட்" இல்லன்னா "த்ரெட்பேர்", முறுக்குக்கு "சாகி", சாம்பாருக்கு "ஸ்பாயில்ட்". சாம்பாருக்கு "ஸ்டேல்"னு போடறவுகளப் பாத்திருக்கேன், அது பழசாகி ருசி போனதுக்கு, ரொட்டிக்குப் பொருந்தும், ஊசுனதுக்குப் பத்தாது.

அடுத்தது சரி பண்றதுக்கான வார்த்தைக. பங்காளிக எல்லாம் சரி செய்வோம்னு ஒத்துக்கிட்டாலும் "ரிப்பேரா, ரெனவேஷனா, ரெஸ்டொரேஷனா"ங்கிறதுல தான் பணம் எங்க போகுதுன்னு இருக்கு. "ரிப்பேர்"னா ஒடஞ்சத மட்டும் தொடுறது. "ரெனவேஷன்" உள்ளயே புதுசுங்கிற சொல்லு இருக்கு, அத வச்சுத்தான் நம்ம ஊருல பல வீட்டுல ஆத்தங்குடிக் கல்லப் பேத்துட்டு வழவழ டைல்ஸ் ஒட்டுறாக, சுண்ணாம்புப் பூச்சு மேல சிமெண்ட பூசுறாக, சிமெண்ட் பூசுனா செவுரு மூச்சு விட முடியாம ஈரம் உள்ளயே நின்னு கொஞ்ச வருசத்துல பொரிப் பொரியா உதுரும், இது கொத்தனாருகளுக்கே தெரியும், சுண்ணாம்பு அரைக்க ஆளு இல்லைங்கிறதால பூசிட்டுப் போயிடுறாக. "ரெஸ்டொரேஷன்"னா முன்ன இருந்த நெலைக்குத் திருப்பிக் கொண்டு போறது, அதுக்கும் ஒரு வேலி உண்டு. 1964ல பழைய கட்டடங்களக் காக்குற வல்லுனருக வெனிஸ்ல கூடி எழுதுன சாசனத்துல, ஊகம் ஆரம்பிக்கிற எடத்துல ரெஸ்டொரேஷன் நின்னுறணும்னு வச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல பர்ரா சாசனம்னு 1979ல வந்தது, அதுல இன்னும் தெளிவு, பின்னாடி ஒட்டுனத எடுத்துட்டு இருக்குறதத் திருப்பி நிறுத்துனா "ரெஸ்டொரேஷன்", புதுப் பொருளக் கொண்டாந்து சேத்தா "ரீகன்ஸ்ட்ரக்ஷன்", இருக்குறத இருக்குறபடியே கெடாம நிறுத்தி வச்சா "ப்ரிசர்வேஷன்".

எங்க வீட்டுக்கு நான் கேட்டது முகப்புக்கும் வளவுக்கும் "ப்ரிசர்வேஷன்", இரண்டாங்கட்டு மூலைக்கு "ரிப்பேர்". "ரெஸ்டோர்"ங்கிற வார்த்தைய வேணும்னே தவிர்த்தேன். கேக்க அழகா இருக்கும், ஆனா அந்த மூலையில முன்னாடி சரியா என்ன மாதிரி ஓடு இருந்துச்சுன்னு சொல்ல இப்ப எங்க வீட்டுல ஆளு இல்ல. ஹோம்ஸ்டே வைக்கிறவுக பேப்பருல "ஃபுல்லி ரெஸ்டோர்ட்"னு போட்டுட்டு உள்ள பாத்தா பாதி புதுசா இருக்கும், அத "சென்சிட்டிவ்லி ரிப்பேர்ட்"னு போட்டாலே போதும், வர்றவுக ஏமாற மாட்டாக.

இதுலயே இன்னொரு வார்த்தை, "டென்டேட்டிவ்". செட்டிநாட்டு ஊருக யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய டென்டேட்டிவ் லிஸ்ட்ல 2014ல சேந்துச்சு. அத "யுனெஸ்கோ ஹெரிடேஜ் வில்லேஜ்"னு போர்டு எழுதி வைக்கிறாக. "டென்டேட்டிவ்"னா வரிசையில நிக்கிறது, அவ்வளவுதான், தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி 1987லயே பதிவாயிட்டதுக்குத்தான் "இன்ஸ்கிரைப்ட்". நம்ம ஊரு பெருமைக்குக் கூட்டிச் சொல்ல வேண்டியதே இல்ல, இருக்குறதே போதும்.

சாமானுக்கு வர்றேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல போயி நின்னா இந்த வார்த்தைக எல்லாம் காதுல விழும், வெளியூர்க்காரவுகளுக்குக் கடைக்காரங்க இங்கிலீஷ்லயே பேசுவாங்க. அங்க அதிகமாப் பொழங்குறது "ஆன்டீக்". இதுல கவனம் வேணும். இந்தியாவுல 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் தாண்டுன சிலை, ஓவியம், கைவினைப் பொருளெல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், சரித்திர மதிப்பு உள்ள கையெழுத்துச் சுவடின்னா 75 வருசம், இதெல்லாம் தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பினாங்கு அண்ணனுக்கு ஒரு பித்தளைச் செம்பு அனுப்பும்போது கூரியர் பாரத்துல ஆசையா "ஆன்டீக்"னு எழுதுனா அது வர்ணனை இல்ல, வாக்குமூலம். ஐம்பது அறுபது வருசத்து எனாமல் தூக்குக்கு "விண்டேஜ்" போதும், சாதாரணமா வீட்டுல பொழங்குனதுன்னா "ஓல்ட், யூஸ்ட்". நூறு தாண்டுனது வீட்டுலயே இருக்கட்டும்.

"மின்ட் கண்டிஷன்" நாணயச் சாலையிலேர்ந்து அப்பத்தான் வந்த காசு மாதிரின்னு அர்த்தம், பெட்டியப் பிரிக்காத சாமானுக்குத்தான் ஆகும். "ப்ரிஸ்டீன்" இன்னும் வேடிக்கையான பாதை, லத்தீன்ல அதுக்குப் பழைய, முன்ன இருந்தங்கிற அர்த்தம், இப்போ புத்தம்புதுசா மாசு மருவில்லாமங்கிறதுக்குப் பொழங்குறாங்க, அதனால ஒரு பழைய அலமாரிக்கு இதப் போட்டா வாங்குறவரு கீறலே இல்லைன்னு நெனைப்பாரு. "இன்டாக்ட்" நல்ல வார்த்தை, எந்தப் பாகமும் பிரியல, அழுக்கா இருக்கலாம், பழசா இருக்கலாம், ஆனா முழுசு.

அப்புறம் இந்த "குட்". நான் ரொம்ப நாளா "குட் கண்டிஷன்"ன்னா நல்லா இருக்குன்னு நெனச்சேன். பழைய காசு தரம் பிரிக்கிறதுக்கு ஷெல்டன்னு ஒருத்தரு 1949ல ஒண்ணுலேர்ந்து 70 வரைக்கும் அளவு வச்சாரு, அதுல 60லேர்ந்துதான் மின்ட் ஸ்டேட், "குட்" எங்க இருக்குன்னு பாத்தா நாலாம் நம்பர்ல, தேஞ்சு எழுத்து மங்குன காசு. பழைய புத்தகக் கடைகள்லயும் "குட்"ன்னா பக்கம் எல்லாம் இருக்கு, மத்தபடி நல்லாவே பொழங்குனதுன்னு அர்த்தம். ஐயாவோட பெட்டியில இருந்த பழைய காசுகள போட்டோ புடிச்சு அனுப்பும்போது நான் "குட், ஃபேர்"ங்கிறதெல்லாம் விட்டுட்டு "தேதி படிக்க முடியுது, விளிம்பு தேஞ்சிருக்கு"ன்னு மட்டும் எழுதுனேன்.

உலோகத்துக்கு: துருங்கிறது "ரஸ்ட்", அது இரும்புக்கு மட்டும்தான். பித்தளையும் வெள்ளியும் கருத்து மங்கிப் போறது "டார்னிஷ்ட்", பித்தளைன்னா புளியப் போட்டுத் தேச்சா போயிரும், அதனால அது கொறையே இல்ல. செம்புல பச்சையாப் பூக்குற களிம்புக்கு "வெர்டிக்ரிஸ்"னு தனிப் பேரே இருக்கு, கிரேக்கப் பச்சைன்னு பொருள், அது இருந்தா சொல்லிரணும், அந்தப் பாத்திரத்துல சமைக்கக் கூடாது. "பட்டினா"ன்னா பல வருசக் கை பட்டு வந்த நெறம், விக்கிறவுக பாதி நேரம் அழுக்கையே "பட்டினா"ன்னு சொல்லிருவாங்க. பீங்கான் ஜாடிக்கு விளிம்புல சில்லு பேந்திருந்தா "சிப்ட்", விரிசல்னா "க்ராக்ட்", மேல் பூச்சுல மட்டும் வலை மாதிரி மெல்லிசாக் கோடு ஓடியிருந்தா "க்ரேஸ்ட்". ஊறுகா போடறவுகளுக்கு மொதலாவது பரவாயில்ல, ரெண்டாவது ஆகாது.

கடைசியா மனுச ஒடம்பு. இதுல தப்புப் பண்ணுனா திருத்த முடியாது. எங்க சொந்தத்துல ஒரு வீட்டுல அம்மானுக்கு நெஞ்சு வலி வந்து மதுரைக்குக் கொண்டு போயிருந்தாக. வெளிநாட்டுல வளந்த பேரனுக்கு இங்கேர்ந்து "ஐயா சீரியஸ்"னு மட்டும் ஒரு மெசேஜ் போச்சு. நமக்கு அத விட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, ஒடனே கெளம்புன்னு அர்த்தம். அந்தப் புள்ளைக்கு "சீரியஸ்"னா சிரிக்காம கடுமையா இருக்குறவர்னு ஒரு அர்த்தமும் உண்டு, எதுக்கோ கோவமா இருக்காரு போலன்னு நெனச்சு காலையில பேசிக்கலாம்னு படுத்துருச்சு. ராத்திரி போன் அடிச்சு அழுத பெறகுதான் டிக்கெட் போட்டுச்சு. அம்மான் பொழச்சுக்கிட்டாரு, ஆனா அந்த எட்டு மணி நேரத்த நெனச்சா அந்தப் புள்ளைக்கு இப்பவும் தொண்டை அடைக்குது.

அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல நோயாளியோட நெலமைய வெளிய சொல்ல "குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல்"னு படி வச்சிருக்காங்க. அங்க "குட்"ன்னா நெசமாவே நல்லாருக்காரு. "ஃபேர்"னா நெனவா இருக்காரு, நாடித் துடிப்பு நெதானமா இருக்கு, கொஞ்சம் அசௌகரியம். "சீரியஸ்"னா ரொம்ப முடியல, நாடித் துடிப்பு தடுமாறலாம். "கிரிட்டிக்கல்"னா ஆபத்து, நெனவு இல்லாமலும் இருக்கலாம். இதுக்கு நடுவுல நாம சந்தோசப்படுற வார்த்தை "ஸ்டேபிள்". அது நல்லாயிட்டாருன்னு அர்த்தம் இல்ல, மாறலைன்னுதான் அர்த்தம், மோசமான நெலையிலயே மாறாமலும் நிக்கலாம். அதனால இப்ப நாங்க குடும்பத்துல ஒரு வழக்கம் வச்சிருக்கோம், மொத வரியில எங்க இருக்காருன்னும் நெனவு இருக்கான்னும் எழுதணும், ரெண்டாவது வரியில "ப்ளீஸ் கம் நவ்" இல்லன்னா "நோ நீட் டு ட்ராவல் யெட்". அடைமொழி அதுக்கப்புறம்தான்.

வயசானவுக நெலைக்கும் பாத்துப் போடணும். "வீக்"னா காச்சல் வந்தவனும் வீக்குதான். "ஃப்ரெய்ல்"ங்கிறது வயசால மெலிஞ்சு, தொட்டா நொடிஞ்சுரும்போல இருக்குறது, அதுல ஒரு மரியாதையும் இருக்கு, எங்க அப்பத்தாவுக்கு அதத்தான் போடுறேன். "ஃபீபிள்" வேண்டாம், அது எளக்காரமாப் படும். "பெட்ரிடன்"னா படுத்த படுக்கை, சுவரப் புடிச்சு பட்டாலைக் கூடம் வரைக்கும் நடக்குறவுகளுக்கு அத எழுதக் கூடாது. "சிக்"குக்கு பிரிட்டிஷ் பக்கம் வாந்தி எடுக்குறதுன்னும் வரும், அதனால சிங்கப்பூர்க்காரவுகளுக்கு "இல்" இல்லன்னா "அன்வெல்" போட்டா கொழப்பம் இல்ல.

முன்னொட்டு வச்ச சில வார்த்தைகளயும் சொல்லிருறேன். "இன்ஹாபிட்டபிள்"னா குடியிருக்க முடியாததுன்னு நெனப்போம், அது குடியிருக்கலாம்னு அர்த்தம், முடியாததுக்கு "அன்இன்ஹாபிட்டபிள்". "இன்ஃப்ளேமபிள்" தீப்பிடிக்கும். "இன்வேல்யூவபிள்" வெலை மதிக்க முடியாதது, ஒண்ணுக்கும் ஆகாததுக்கு "வேல்யூலெஸ்". "அன்யூஸ்ட்"னா பொழங்கவே இல்ல, "டிஸ்யூஸ்ட்"னா முன்ன பொழங்கி இப்ப நிறுத்துனது, எங்க தோட்டத்துக் கெணறு ரெண்டாவது.

இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு புரட்டாசி மொத வாரத்துல நான் அந்த மெசேஜ திருப்பி எழுதுனேன். முன்னாடி அனுப்புனது தப்பு, என் தப்புன்னு மொத வரியில. வீடு "அன்ஆக்குபைட், நாட் அபாண்டன்ட்". முகப்பு, வளவு, பட்டாலை மூணும் "இன்டாக்ட் அண்ட் ட்ரை". உத்தரம், தூணு, நிலை எல்லாம் "சவுண்ட்", இது பழுதில்லாத, உறுதியான மரத்துக்கு இங்கிலீஷ்காரங்களே பொழங்குற வார்த்தை. இரண்டாங்கட்டு தென்மேற்கு மூலை மட்டும் "நெக்லெக்டட்", அங்க ஓடு சரிஞ்சிருக்கு, ரீப்பரு "வொர்ம் ஈட்டன்", சில கைமரத்துல (கூரையத் தாங்குற சாய்வு மரம்) நுனி மட்டும் "ராட்டன்", ஐப்பசி மழைக்கு முன்னாடி "ரிப்பேர்" பண்ணலாம். கூடவே ஆசாரி கம்பி குத்துன எடத்த போட்டோ எடுத்து வச்சேன்.

மறுநாள் காலையில பினாங்குலேர்ந்து அண்ணன் போட்ட பதில்ல மரம் விக்கிற பேச்சே இல்ல. எத்தனை கைமரம்னு மட்டும் கேட்டிருந்தாரு. மத்தியானமே பைக்க எடுத்துட்டுப் போயி ஏணி வச்சு ஏறி எண்ணுனேன், ஏழு.